எழுமாற்றை அளந்த மேதை: அந்திரேய் கொல்மகோரவ்

விளையாட்டு மைதானத்திலே இரு கட்சித் தலைவர்களும் எதிரெதிரே நிற்க, நடுவர் ஒரு காசைச் சுண்டி மேலே எறிகின்றார். பூ விழுமோ தலை விழுமோ என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதனாலேயே இரு கட்சியாரும் அம்முடிவை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால், அதே காசு இருபது முறை சுண்டப்பட்டு இருபது முறையும் தலையே விழுந்தால், அங்கே கூடிநிற்கும் சிறுவரும் இதிலே ஏதோ சூதுண்டு என்று கூக்குரலிடுவர்.

அவர்கள் ஐயுறுவது நியாயமா? கணக்குப்படி பார்த்தால், இருபதும் தலையாக விழுவதற்குள்ள வாய்ப்பு 1,048,576இல் ஒன்று. பூவும் தலையும் தாறுமாறாகக் கலந்து விழுந்த வேறு எந்தக் குறித்த வரிசையை எடுத்துக்கொண்டாலும், அதற்குள்ள வாய்ப்பும் 1,048,576இல் ஒன்றே. இரண்டும் சமமாயிருக்க, ஒன்றைக் கண்டு ஐயுறுகின்றோம். மற்றதைக் கண்டு வாளாவிருக்கின்றோம். இவ்விரண்டிற்குமிடையே நம் மனம் காணும் வேற்றுமை யாது? இச் சிறுவினாவைப் பெருவினாவாக மதித்து விடை தேடியவர் ருஷ்ய நாட்டுக் கணித மேதை அந்திரேய் நிக்கொலாயெவிச் கொல்மகோரவ். அவர் வாழ்வையும் பணியையும் நம் இளைஞர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவரைக் குறையற்றவராகக் காட்ட நாம் முற்படவில்லை. நிறையோடு குறையையும் சொல்வதே வாழ்க்கை வரலாறு என்பது நம் துணிபு.

தாயற்ற குழந்தை

1903ஆம் ஆண்டு சித்திரை மாதம் 25ஆந் திகதி, தம்போவ் என்னும் நகரிலே கொல்மகோரவ் பிறந்தார். கிறைமியாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய தாயார் மரியா, வழியில் அந்நகரிலே தங்கிப் பிள்ளையைப் பெற்று, அப்பிரசவத்திலேயே உயிர் நீத்தார். தந்தையார் நிக்கொலாய் கத்தாயெவ் விவசாயக் கலை பயின்றவர். பிள்ளையை வளர்ப்பதில் அவருக்குப் பங்கிருக்கவில்லை. 1919இல், உள்நாட்டு யுத்தத்தின்போது அவரும் மறைந்துபோனார். பெற்றோரை இழந்த குழந்தையைத் தாயின் சகோதரியாகிய வேரா அம்மையார் தம் வயிற்றிற் பிறந்த பிள்ளையாகவே ஏற்று வளர்த்தார். உலகம் அறிந்த கொல்மகோரவ் என்ற பெயரும் தாய்வழிப் பாட்டனாரின் குடும்பப் பெயரே.

யாரொஸ்லாவ் நகருக்கு அண்மையிலுள்ள துனொஷ்னா என்னும் கிராமத்திலே பாட்டனாரின் வீடு இருந்தது. அவ்வீட்டிலே வேரா அம்மையாரும் அவர்தம் சகோதரிகளும் அயலிலுள்ள பிள்ளைகளையும் சேர்த்துச் சிறு பள்ளியொன்று நடத்தினர். அப்பள்ளிக்கு ஒரு பத்திரிகையும் இருந்தது. வசந்தகாலப் பறவையொன்றின் பெயரைத் தாங்கிய அப்பத்திரிகையின் கணிதப் பகுதிக்கு ஆசிரியர் வேறு யாருமல்லர், சிறுவன் அந்திரேயே. ஐந்து வயதளவில் அவன் தானே கண்டறிந்த உண்மையொன்று அதிலே வெளிவந்தது. 1 என்பது ஒன்றின் வர்க்கம். 1, 3 இரண்டையும் கூட்டினால் 4. அது இரண்டின் வர்க்கம். 1, 3, 5 மூன்றையும் கூட்டினால் 9. அது மூன்றின் வர்க்கம். இவ்வாறு ஒற்றை எண்களை முதலிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்களே வரும். புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கி, அச்சதுரத்தின் இரு பக்கங்களிலும் புது வரிசை வைத்துப் பார்ப்பவர்க்கு இதன் காரணம் விளங்கும். கண்டுபிடிப்பு எளியது, பிறர் சொல்லாமல் தானே கண்டதிலே அச்சிறுவன் பெற்ற இன்பம் பெரியது. அவ்வின்பமே அவரை வாழ்நாள் முழுவதும் இழுத்துச் சென்றது.

பசிக்காலத்துப் படிப்பு

1910இல் வேரா அம்மையார் பிள்ளையுடன் மொஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தார். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒருங்கே பயின்ற தனியார் பாடசாலையொன்றிலே அந்திரேய் சேர்க்கப்பட்டார். 1917இல் புரட்சி வந்தது; அதன்பின் உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் வந்தன. மாணவராயிருந்த அவர் சிலகாலம் புகையிரதப் பகுதியில் வேலைசெய்து கொண்டே, தாமாகப் படித்து வந்தார்.

1920இல் மொஸ்கோ சர்வகலாசாலையிலே சேர்ந்தார். கணிதத்தால் வயிறு நிரம்புமோ என்ற ஐயம் அக்காலத்து இளைஞர்க்கும் இருந்தது. ஆதலால் மெந்தெலீவ் இரசாயனக் கல்விக்கழகத்திலே உலோகத் தொழிலும் ஒருபுறம் பயின்றார். சர்வகலாசாலையில் இரண்டாம் வருட மாணவர்க்கு மாதந்தோறும் 16 கிலோ பாணும் ஒரு கிலோ வெண்ணெயும் பங்கீட்டில் வழங்கப்பட்டன. முதல் வருடப் பரீட்சைகளைச் சில மாதங்களிலேயே எழுதிமுடித்து அவர் இரண்டாம் வருடத்துக்கு ஏறிக்கொண்டதற்கு இப்பங்கீடும் ஒரு காரணம். காலுக்குச் சப்பாத்தில்லை; மரத்தால் அடி வைத்துத் தாமே செய்துகொண்டார். இன்று நூல்நிலையமும் விடுதியும் மின்விளக்கும் இருந்தும் வசதி போதாதென்று முறையிடும் நாம், இதனை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவருடைய முதல் ஆராய்ச்சி கணிதத்திலன்று, சரித்திரத்திலே என்பது பலர் அறியாத செய்தி. நொவ்கொரொத் என்னும் பழம்பெரு நகரைச் சூழ்ந்த நாட்டிலே 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் நிலவிய நிலவுடைமை பற்றி, பேராசிரியர் பக்ருஷின் நடத்திய வகுப்பிலே அவர் கட்டுரையொன்று படித்தார். பேராசிரியர் அதனைப் பாராட்டினாராம். ஆயினும், சரித்திரத்தில் ஒரு முடிவை நிலைநாட்டுவதற்கு ஒரு நிரூபணம் போதாது, பல வேண்டும் என்றாராம். ஒரே நிரூபணம் போதுமான துறையைத் தேடிக் கொல்மகோரவ் கணிதத்துக்குச் சென்றார் என்று வேடிக்கையாகக் கூறுவர்.

அவ்வேளை மொஸ்கோவிலே நிக்கொலாய் லூசின் என்னும் பேராசிரியரைச் சுற்றி இளம் கணிதர் கூட்டமொன்று வளர்ந்துகொண்டிருந்தது. கொல்மகோரவும் அவருடைய மாணாக்கரானார். 1922இல், தமது பத்தொன்பதாம் வயதிலே, அவர் கண்ட முடிவு கணித உலகைத் திடுக்கிடச் செய்தது. வீணையின் ஒலியைத் தனித்தனிச் சுருதிகளின் கூட்டாகப் பிரிப்பதுபோல, கணிதச் சார்பொன்றை எளிய அலைகளின் தொடராகப் பிரிக்கலாம். இதனைப் பூரியே தொடர் என்பர். அவ்வாறு பிரித்த அலைகளை மீண்டும் கூட்டினால் எங்கேனும் பழைய சார்பு கிடைக்குமென்றே பலரும் எதிர்பார்த்தனர். ஏறத்தாழ எவ்விடத்திலும் ஒருங்காமல் சிதறிவிடும் தொடரையுடைய ஒரு சார்பை அமைத்துக் காட்டினார் கொல்மகோரவ். ஒரே நாளில் அவர் பெயர் எல்லைகடந்து பரவியது. எனினும் அவர் அப்பொழுதும் சீவனத்துக்காகப் பாடசாலையொன்றிலே பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1922 முதல் 1925 வரை நடந்த அவ்வேலையை அவர் சுமையாகக் கருதியதில்லை.

வாய்ப்புக்கு ஓர் இலக்கணம்

1929ஆம் ஆண்டுக் கோடையிலே, பாவெல் அலெக்சாந்திரவ் என்னும் கணிதருடன் சேர்ந்து படகொன்றிலே வொல்கா நதிவழியே நெடும்பயணம் புறப்பட்டார். அப்பயணத்திலே தொடங்கிய நட்பு அரைநூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1935இல் இருவரும் மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கொமரோவ்கா கிராமத்திலே வீடொன்றை வாங்கினர். வேரா அம்மையாரும் தம் இறுதிக்காலம் வரை அங்கே வாழ்ந்தார். வாரத்தில் மூன்று நாட்கள் அவ்வீட்டிலே கழியும். அவற்றுள் ஒருநாள் முழுவதும் நடத்தலுக்கும் பனிச்சறுக்கலுக்கும் உரியது. மாலைவேளைகளில் இசைத்தட்டுகள் ஒலிக்கும். வருகின்ற மாணாக்கர் கணிதத்தையும் கவிதையையும் குளிர்நீரில் நீந்துவதையும் ஒரே இடத்திற் கற்றுக்கொண்டனர்.

1931இல் மொஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1933இல், நிகழ்தகவுக் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி ஜெர்மன் மொழியிலே சுமார் அறுபது பக்கங்கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அதுவரை சூதாட்டக் கணக்கும் காப்புறுதிக் கணக்குமாக உதிரியாய்க் கிடந்த நிகழ்தகவு, சில வெளிப்படை உண்மைகளின்மேல் எழுந்த முழுக் கணிதமாக அந்நூலாலேயே உருப்பெற்றது. யூக்கிளிட் கேத்திரகணிதத்துக்குச் செய்ததைக் கொல்மகோரவ் நிகழ்தகவுக்குச் செய்தார் எனலாம். 1939இல் விஞ்ஞானக் கழகத்தின் முழு அங்கத்தவரானார்.

ஒரு தலைகுனிவும் ஒரு தலைநிமிர்வும்

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். 1936ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே சோவியத் பத்திரிகையாகிய பிரவ்தா, பேராசிரியர் லூசின்மீது கடுமையான குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. சிறந்த ஆராய்ச்சிகளை வெளிநாட்டில் வெளியிடுகின்றார். மாணாக்கர் கண்டவற்றைத் தம்முடையனவாகக் காட்டுகின்றார். சோவியத் நாட்டுக்குப் பகைவர் என்பன அவை. விஞ்ஞானக் கழகம் விசாரணைக்குழுவொன்றை அமைத்தது. அக்காலம் எத்தகையதென்பதை நாம் அறிவோம். பகைவர் என்ற சொல் ஒருவனைச் சிறைக்கோ மரணத்துக்கோ இட்டுச்செல்லப் போதுமானதாயிருந்தது. அவ்விசாரணையிலே லூசினுக்கு எதிராகப் பேசியவர்களுள் அவருடைய பழைய மாணாக்கர் பலர் இருந்தனர். அலெக்சாந்திரவ் இருந்தார், கொல்மகோரவும் இருந்தார். இறுதியிலே லூசின் கழகத்திலிருந்து நீக்கப்படாமல் உயிரும் பதவிப் பெயரும் தப்பினார். ஆயினும் அவர்தம் செல்வாக்கு அத்துடன் முடிந்தது.

ஆசிரியரைப் பெற்றோர்க்கு அடுத்தபடியாகப் போற்றும் மரபிலே வளர்ந்த நமக்கு இச்செயல் உறுத்துகின்றது. அச்சத்தினால் நேர்ந்ததா, மாணாக்கர் உள்ளத்தில் உண்மையாகவே இருந்த மனக்குறையினால் நேர்ந்ததா, இரண்டும் கலந்ததா என்று பாதுகாப்பான அறையிலிருந்துகொண்டு தீர்ப்புக் கூறுவது எளிது. அத்தகைய நாளொன்று நமக்கு வருமாயின் நாம் எவ்வாறு நடப்போம் என்று கேட்டுக்கொள்வதே பயனுடையது. குறையை மறைத்தால் அக்கேள்வி நம்மிடம் வராமலே போய்விடும்.

நான்கு ஆண்டுகளின் பின், அதே மனிதர் வேறொரு முகத்தைக் காட்டினார். அக்காலத்திலே துரோபிம் லிசென்கோ என்பவர் அரசாங்கத்தின் ஆதரவோடு, மெண்டல் கண்ட பரம்பரை விதிகள் பொய்யென்று முழங்கிவந்தார். அவரைச் சார்ந்த ஓர் ஆராய்ச்சியாளர் செய்த பயிர்ப் பரிசோதனைகள், மூன்றுக்கு ஒன்று என்ற மெண்டலின் விகிதத்தைத் தகர்த்துவிட்டனவாகக் கூறப்பட்டது. அவ்விலக்கங்களைக் கொல்மகோரவ் எடுத்து ஆராய்ந்தார். ஒவ்வொரு பரிசோதனையிலும் விகிதம் சரியாக மூன்றுக்கு ஒன்று வருமென மெண்டல் விதி கூறவில்லை. சற்றுக் கூடியும் குறைந்தும் வரும். அக்கூடுதல் குறைதலுக்கும் நிகழ்தகவுக் கணிதத்திலே ஓர் அளவுண்டு. அவ்வளவை வைத்துப் பார்த்தால், மெண்டலை மறுக்க வந்த இலக்கங்களே மெண்டலுக்குச் சாட்சியாக நின்றன. 1940இல் இதனை அவர் விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டிலேயே வெளியிட்டார். அதே ஆண்டிலே, பரம்பரையியல் அறிஞர் நிக்கொலாய் வவிலொவ் கைதுசெய்யப்பட்டார்; 1943இல் சிறையிலே மாண்டார். இந்நிலையில் அக்கட்டுரை எழுதுவதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று. 1936இல் தலைகுனிந்த கை, 1940இல் நேராக எழுதியது.

இரண்டாம் உலக யுத்தகாலத்திலே பீரங்கிக் குண்டுகள் இலக்கைச் சுற்றிச் சிதறும் முறையை ஆராய்ந்தார். நீரும் காற்றும் கொந்தளித்து ஓடுவது பற்றி 1941இலும், கிரகங்களின் அசைவு பற்றி 1954இலும் அவர் வெளியிட்ட முடிவுகள் ஒவ்வொன்றும் தனித்துறையாக வளர்ந்துள்ளன. அவற்றை விரிப்பதற்கு இங்கே இடமில்லை.

முப்பது ஆண்டு காத்திருந்த கேள்வி

1933ஆம் ஆண்டு நூலிலே ஓர் இடைவெளி இருந்தது. வாய்ப்புகளை எவ்வாறு கூட்டுவது, பெருக்குவது என்று அது கூறியது. கண்ணெதிரே கிடக்கும் இந்த வரிசை எழுமாறாக வந்ததா, ஒழுங்காக அமைக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அதிலே விடையில்லை. இக்கேள்வி வெறும் விளையாட்டன்று. வயல்களிற் பரிசோதனை செய்வோரும் குடிசனக் கணக்கெடுப்போரும் பக்கச்சார்பின்றி மாதிரி எடுப்பதற்கு எழுமாற்று எண் அட்டவணைகளைப் பயன்படுத்திவந்தனர். 1927இல் திப்பெற் என்பவர் 41,600 இலக்கங்கொண்ட அட்டவணையை வெளியிட்டார். 1955இல் அமெரிக்காவிலே பத்து இலட்சம் இலக்கங்கொண்ட நூலே வந்தது. ஆனால் எழுமாறு என்றால் என்ன என்பதற்கு இலக்கணம் இல்லாமலிருந்தது.

முயற்சிகள் இல்லாமலில்லை. ஒரு தொடரிலிருந்து எந்த விதிப்படி இலக்கங்களைத் தெரிந்தெடுத்தாலும் பூவும் தலையும் அதே விகிதத்தில் வந்தால் அத்தொடர் எழுமாறானது என்று 1919இல் வொன் மீசஸ் கூறினார். எந்த விதியும் என்றால் எவை என்ற கேள்வி எழுந்தது. 1936இல் இங்கிலாந்து இளைஞர் அலன் தூரிங், மனிதன் தாளும் பென்சிலுங்கொண்டு படிப்படியாகச் செய்யக்கூடிய கணக்குகளையெல்லாம் செய்யவல்ல கற்பனைப் பொறியொன்றை விவரித்து, கணிக்கத்தக்கது எது, கணிக்கவியலாதது எது என்பதற்கு எல்லை வகுத்தார். அவ்வெல்லைக்குட்பட்ட விதிகளையே கொள்ளலாமென 1940இல் அலொன்சோ சேர்ச் கூறினார். ஆயினும், இவ்வழியே போனால் குறைபாடுடைய தொடர்களும் எழுமாறானவையாக நுழைந்துவிடும் என்பதை 1939இலேயே பிரெஞ்சு நாட்டவரான வீல் காட்டியிருந்தார்.

கொல்மகோரவ் இளமையிலேயே தருக்கத்தின் அடிப்படைகளை ஆராய்ந்தவர். ஒரு பொருள் உண்டென்று நிரூபிப்பதற்கும், அதனைப் பெறும் வழியைக் காட்டுவதற்கும் உள்ள வேற்றுமையை 1925இலும் 1932இலும் எழுதிய கட்டுரைகளிலே நுணுகி நோக்கியிருந்தார். 1958இல் தம் மாணாக்கர் உஸ்பென்ஸ்கியுடன் சேர்ந்து, படிமுறை என்பதற்கே இலக்கணம் வகுத்தார். இவ்விரு நூலிழைகளும் 1960களிலே ஒன்றாக முறுக்கப்பட்டன.

1962இலே அவர் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபரக் கழகத்திலே தங்கினார். சென்னையிற் பிறந்து மாநிலக் கல்லூரியிற் பயின்ற தமிழ் இளைஞர் சீனிவாச வரதன் அப்பொழுது அங்கே ஆராய்ச்சி மாணவர். அவருடைய ஆய்வேட்டுக்குப் பரீட்சகருள் ஒருவராகக் கொல்மகோரவே அமைந்து, அதனை மிக உயர்வாக மதித்தார். அவ்விளைஞரே 2007இல் ஏபெல் பரிசு பெற்ற வரதன். எழுமாற்று எண் அட்டவணைகள் பற்றிக் கொல்மகோரவ் எழுதிய கட்டுரை, மகலநோபிஸ் நிறுவிய சங்கியா என்னும் கல்கத்தா ஏட்டிலேயே 1963இல் வெளிவந்தது. முப்பது ஆண்டு காத்திருந்த கேள்வியை அவர் மீண்டும் கையிலெடுத்தது அக்கட்டுரையிலேதான். 1965இல் அதன் முழு விடையையும் வெளியிட்டார்.

அவ்விடை வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. பூவை 0 என்றும் தலையை 1 என்றும் எழுதுவோம். ஆயிரம் ஒன்றுகளைக் கொண்ட தொடரை ஒரு நண்பனுக்குத் தெரிவிக்கவேண்டுமாயின், ஒன்றை ஆயிரந்தரம் எழுது என்றால் போதும். பூச்சியமும் ஒன்றும் மாறிமாறி வந்தாலும் அவ்வாறே சுருக்கிச் சொல்லிவிடலாம். காசைச் சுண்டிப் பெற்ற ஆயிரம் இலக்கங்களைத் தெரிவிப்பதற்கோ, ஆயிரத்தையும் ஒன்றுவிடாமற் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, ஒரு தொடரைப் பொறியொன்று எழுதித்தருவதற்கு வேண்டிய மிகக் குறுகிய கட்டளையின் நீளம் எதுவோ, அதுவே அத்தொடரின் சிக்கலளவு. அக்கட்டளை தொடரளவு நீண்டிருப்பின் தொடர் எழுமாறானது. குறுகியிருப்பின் அதிலே ஒழுங்கு ஒளிந்திருக்கின்றது.

இனி நம் மைதானத்துக்குத் திரும்புவோம். இருபது இலக்கத் தொடர்கள் மொத்தம் 1,048,576. பத்து இலக்கத்துக்குக் குறைந்த கட்டளைகளோ, வெற்றுக் கட்டளையையும் சேர்த்து 1,023 மாத்திரமே. ஒவ்வொரு கட்டளையும் ஒரு தொடரையே தரமுடியும். ஆகவே, பாதிக்கும் குறைவாகச் சுருக்கத்தக்க தொடர்கள் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இருபது தலைகளைக் கண்ட சிறுவர் கூக்குரலிட்டது சரியே. தனித்தனி வரிசைகளின் வாய்ப்பு சமமாயினும், சுருக்கிச் சொல்லத்தக்க வரிசைகள் மிகமிகச் சில; அவற்றுளொன்று வருமாயின் ஐயுறுவதற்கு இடமுண்டு. பொறிக்குப் பொறி கட்டளையின் நீளம் வேறுபடாதா என்று கேட்கலாம். வேறுபடும், ஆயினும் ஒரு பொறியின் மொழியை மற்றதற்குப் பெயர்த்துச் சொல்லும் செலவு நிலையான ஒரு தொகை, தொடர் நீள நீள அத்தொகை பொருட்படுத்தத் தக்கதன்று. எனவே இக்கொள்கை நீண்ட தொடர்களிலேதான் தன் முழுவலிமையையும் காட்டும்.

இதிலே மற்றொரு விந்தையும் உண்டு. எந்தத் தொடரைக் கொடுத்தாலும் அதன் சிக்கலளவைக் கணித்துச் சொல்லவல்ல படிமுறை எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சிக்கலளவுடைய முதலாவது தொடரைத் தேடித்தா என்று அதனை ஏவலாம். அப்படிமுறையும் இவ்வேவலும் சேர்ந்து சில ஆயிரம் இலக்கங்களில் அடங்குமாயின், பத்து இலட்சம் இலக்கம் வேண்டிய தொடரை அச்சில ஆயிரமே தந்துவிட்டதாகும், இது முரண். படிமுறை எவ்வளவு நீண்டதாயினும், பத்து இலட்சத்துக்குப் பதிலாக அதற்கேற்ற பேரெண்ணை வைத்தால் முரண் நீங்காது. எனவே, ஒரு தொடரிலே ஒழுங்கைக் கண்டால் உண்டென்று துணிந்து சொல்லலாம். காணாவிடின் இல்லையென்று சொல்வதற்குப் பொதுவழி இல்லை. நாம் காணாத ஒழுங்கை வேறொருவர் நாளை காணக்கூடும். அறிவின் எல்லையை அறிவினாலேயே அளந்து காட்டிய இவ்வுண்மை, கற்றவர் எவர்க்கும் அடக்கத்தைத் தருவது.

இதே கருத்தை அமெரிக்காவிலே ரே சொலமனொவ் என்பவர் சில ஆண்டுகள் முந்தியே, வேறொரு நோக்கத்துக்காகக் கண்டிருந்தார். இதனை அறிந்ததும் கொல்மகோரவ் தம் எழுத்திலேயே அவருக்கு முதன்மையை ஒப்புக்கொண்டார். கிரெகரி சைத்தின் என்னும் அமெரிக்க மாணவரும் தனியாக இதனைக் கண்டு 1966இல் வெளியிட்டார். ஆயினும் முடிவில்லாத தொடர்களிலே ஓர் இடர் எஞ்சியது. சிக்கலளவு எப்பொழுதும் தொடரின் நீளத்தை ஒட்டியே நிற்காமல் இடையிடையே தாழ்ந்துவிடும். 1964-65இல் கொல்மகோரவிடம் பயின்ற சுவீடன் இளைஞர் மார்ட்டின் லோவ் இதனைக் கண்டு, 1966இல் வேறுவழி காட்டினார். படிமுறையாற் செய்யக்கூடிய எல்லாச் சோதனைகளுக்கும் ஈடுகொடுத்து நிற்கும் தொடரே எழுமாறானது என்பது அவர் இலக்கணம். 1970களிலே மாணாக்கர் லெவினும், சைத்தினும், ஜெர்மனியிலே சினொரும் கட்டளை எழுதும் முறையைச் சிறிது திருத்தியமைத்தபோது, சிக்கலளவு வழியும் சோதனை வழியும் ஒரே இடத்திற் சேர்ந்தன.

பிள்ளைகளின் ஆசிரியர்

உலகப் புகழ் பெற்றபின் மேலும் புகழ் தேடாமல், அவர் பாடசாலைப் பிள்ளைகளிடம் திரும்பினார். 1963 மார்கழியில் மொஸ்கோ சர்வகலாசாலையைச் சார்ந்து விடுதிப் பாடசாலையொன்று தொடங்கப்பட்டது. தூரக் கிராமங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே அவரே வகுப்பெடுத்தார், இசை கேட்பித்தார், கவிதையும் சிற்பமும் பற்றிப் பேசினார், காட்டுவழியே நடைபயணம் அழைத்துச் சென்றார். 1970இல் பௌதிக அறிஞர் கிக்கொயினுடன் சேர்ந்து குவந்த் என்னும் மாணவர் சஞ்சிகையை ஆரம்பித்தார். துனொஷ்னாவிலே கையெழுத்துப் பத்திரிகை நடத்திய சிறுவனை நாம் இங்கே மீண்டும் காண்கின்றோம்.

இம்முயற்சி யாவும் வெற்றி பெற்றன என்று சொல்லமாட்டோம். நாடு முழுவதற்குமாக அவர் மேற்பார்வையில் எழுந்த கணித பாடநூல்கள், சாதாரணப் பிள்ளைகளுக்குக் கடினமானவை என்று 1970களின் இறுதியிலே கடுங்கண்டனத்துக்கு உள்ளாயின. மேதைக்கு எளிதானது எல்லார்க்கும் எளிதாகிவிடாது. இக்கண்டனம் அவர் மனத்தை வருத்திற்று. அதன்பின் பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியது. கட்பார்வையும் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. இறுதி நாட்களிலே பழைய மாணாக்கர் அவரைச் சூழ இருந்து பணிவிடை செய்தனர். 1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 20ஆந் திகதி, தமது 84ஆம் வயதிலே மொஸ்கோவில் அவர் காலமானார். ஆசிரியரைக் கைவிட்ட குறை அவர் வாழ்விலே இருந்தது; அவரை அவருடைய மாணாக்கர் கைவிடவில்லை.

முடிவுரை

கெல்பாந்த், மல்த்செவ், ஆர்னல்ட், சினாய், மார்ட்டின் லோவ் என அவரிடம் பயின்றோர் பெயர்களை அடுக்கினால், அதுவே ஒரு நூற்றாண்டுக் கணித வரலாற்றின் ஒரு பகுதியாகும். ஆனால் பரீட்சைக்காகவே படிக்கும் நமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம் வேறு. கணித சூத்திரத்தை மனனஞ் செய்கின்றோம். அது எங்கிருந்து வந்ததெனக் கேட்பதில்லை. சுண்டிய காசைக் கண்டு சிறுவர் இட்ட கூக்குரலை அவர் கேட்டார். கேட்டு, முப்பது ஆண்டு அதனை மறவாதிருந்தார். தமக்கு முன்னே பிறர் கண்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தம் இலக்கணத்திலுள்ள இடரைத் தம் மாணவன் கண்டபோது மகிழ்ந்து இடங்கொடுத்தார். 1936ஆம் ஆண்டின் விசாரணை மண்டபத்தை நினைக்கும்போது நாம் எச்சரிக்கை அடைவோம். 1940ஆம் ஆண்டின் கட்டுரையை நினைக்கும்போது ஊக்கம் பெறுவோம்.

சுருக்கிச் சொல்ல இயலாத தொடரே எழுமாறானது என்றார் கொல்மகோரவ். நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரு சொல்லிலே சுருக்கிவிட இயலாதது அவர் வாழ்வும். முழுவதையும் படித்தே அறியவேண்டும். நம் இளைஞர் அவரை அவ்வாறே படித்து, இருபது முறை தலை விழும்போது ஏன் என்று கேட்கும் துணிவைப் பெறுவாராக.